மாடி பஸ்ஸில் பன்னிரண்டு வரை

பெரிய ஊருக்கு முதல் முறை போகிறவன் அந்த ஊர் காட்டுவதைப் பார்க்கலாம், இரண்டாம் முறை போகிறவன் அது காட்டாததைப் பார்க்க வேண்டும் என்பது என் தாய்மாமாவின் கொள்கை. அவர் அருப்புக்கோட்டைச் சேலைகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டு பெங்களூர் போய் விற்று வருகிறவர். எத்தனை முறை போனார் என்று அவருக்கே தெரியாது. எனக்கு விவரம் தெரிந்த பிறகு முப்பத்தொரு முறை. ஆகவே பெங்களூரைப் பற்றி அவர் ஒன்று சொன்னால் எங்கள் தெருவில் மறுபேச்சு கிடையாது.

நாங்கள் நெசவாளர்கள். வீட்டுக்குள் கன்னடம், வாசலைத் தாண்டினால் தமிழ். எத்தனை தலைமுறைக்கு முன்னால் இந்தப் பக்கம் வந்தோம் என்று பெரியவர்களைக் கேட்டிருக்கிறேன். மூன்று பேர் ஐந்து என்றார்கள், இரண்டு பேர் ஏழு என்றார்கள், ஒருவர் போய்ப் பாடத்தைப் படி என்றார். எத்தனையாக இருந்தாலும், பெங்களூர் எங்களுக்கு ஒரு வகையில் சொந்த ஊர் என்ற நினைப்பு எல்லார் மனதிலும் இருந்தது. பெங்களூருக்கு அந்த நினைப்பு இருந்ததா என்று யாரும் விசாரித்ததில்லை.

ஒன்பது வயதில் முதல் முறை போனபோது எல்லாரும் பார்ப்பதைப் பார்த்தேன். பூங்கா, கண்ணாடி மாளிகை, பஞ்சடைத்த மிருகங்கள், சட்டசபைக் கட்டடம். அந்தக் கட்டடத்தின் ஜன்னல்களை எண்ணிக்கொண்டிருந்தபோது நூற்று நாற்பத்திரண்டில் அப்பா காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். எனக்கு எதையும் எண்ணாமல் பார்க்கத் தெரியாது. அதையும் வாய்விட்டுத்தான் எண்ணுவேன்.

இரண்டாம் முறை போனது பதினோரு வயதில், எண்பதுகளின் தொடக்கத்தில். பெங்களூரில் இருந்த பெரியம்மா வீடு கட்டிக் குடிபுகுந்தார். தறியில் நெய்து முடிக்காத பாவு கிடந்ததால் அப்பா வரவில்லை. அம்மா, மாமா, நான் மூவரும் போனோம். ஜன்னல்களை மிச்சமில்லாமல் எண்ணிவிட வேண்டும் என்று நான் சொன்னபோது மாமா சிரித்தார்.

“ஏலே, பாத்ததையே பாக்கவா பஸ்ஸேறி வந்தோம்? ஒனக்கு நான் மூணு காட்டுறேன். எவனும் பாத்திருக்க மாட்டான்.”

முதலாவது, விடியற்காலையில் பூ மார்க்கெட்டின் மேல்மாடியில் நின்றுகொண்டு கீழே பார்ப்பது. பூக்கூடைகளுக்கு நடுவே மனிதர்களின் தலை மட்டும் தெரியும். அதில் வழுக்கைத் தலைகள் நாற்பத்தாறு. இரண்டாவது, விமானம் இறங்கும் மைதானத்தின் பின்சுவரை ஒட்டி மல்லாந்து படுத்துக்கொள்வது. மூன்று மணி நேரத்தில் நான்கு விமானங்கள் எங்கள் மூக்கை உரசுவதுபோலப் போயின. பக்கத்தில் மேய்ந்துகொண்டிருந்த பதினாறு எருமைகளில் ஒன்றுகூடத் தலையைத் தூக்கவில்லை. மூன்றாவது, மாடி பஸ்ஸில் மேலே, முன்வரிசையில் உட்கார்ந்து, புறப்படும் இடத்திலிருந்து கடைசி நிறுத்தம் வரை இறங்காமல் போய், அதே பஸ்ஸில் திரும்பி வருவது. எங்கும் போவதற்காக அல்ல. சும்மா போவதற்காக.

அந்த மூன்றாவதை மாமா கடைசி நாளுக்கு வைத்திருந்தார். அதற்குள் ஊர் கெட்டுப்போனது. மொழிச் சண்டை. பெரியம்மா வீட்டிலிருந்து மெயின் ரோடு போவதற்குள் தார் பூசி மறைத்த தமிழ்ப் பலகைகளைப் பதினொன்று எண்ணினேன். நாளை மறுநாள் கடையடைப்பு என்று பேப்பரில் போட்டிருந்தது. இன்றைக்கு ஒன்றுமில்லை என்றார் மாமா.

வீட்டுக்குள் அவர்கள் பேசியது கன்னடம். தமிழில் எழுதுகிறேன்.

“வெளிய தமிழ் வாயில வரக் கூடாது. ரெண்டு பேருக்குந்தான் சொல்றேன்” என்றார் பெரியம்மா.

“நம்ம என்ன இங்கிலீஷா பேசுறோம்? இவுக பேச்சுத்தானக்கா நம்ம பேச்சும்.”

“நம்ம பேச்சு நம்ம அடுப்படி வரைக்குந்தான். பதினாலு வருசமா இங்க இருக்கேன், கொத்தமல்லிக் கட்டு கேட்டாக் கடைக்காரன் இன்னும் சிரிக்கான். நீ யாவாரம் பாக்குற இடத்துல எல்லாம் தமிழ்லயே பேசிட்டு வந்துருதே. ஒனக்கு என்ன தெரியும்?”

அது உண்மை. முப்பத்தொரு முறை போய் வந்த மாமாவுக்கு அந்த ஊரில் கன்னடம் பேசியே ஆகவேண்டிய நிலை வந்ததில்லை. அவர் சேலை போட்ட கடைக்காரர்கள் எல்லாருக்கும் தமிழ் தெரியும்.

“இன்னைக்குப் போகாட்டி என்னடா தம்பி?” என்றாள் அம்மா, மாமாவிடம்.

நான் உடனே அழ ஆரம்பித்தேன். மறுநாள் காலை ஊருக்குப் பஸ். இனி எப்போது வருவோமோ தெரியாது. நான் அழுததால்தான் மாமாவும் நானும் போனோம் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். வாசலில் மாமா என் தாடையைப் பிடித்து நிமிர்த்தினார்.

“எண்ணணும்னா மனசுக்குள்ள எண்ணு. வாயத் தொறந்தே, அங்கனயே விட்டுட்டு வந்துருவேன்.”

மாடிக்குப் போக ஒன்பது படிகள். முன்வரிசையில் எங்களுக்கு இடமும் கிடைத்தது. ஓட்டுநர் எங்கள் காலுக்குக் கீழே எங்கேயோ இருந்ததால் பஸ்ஸை நானே ஓட்டுவதுபோல் இருந்தது. மரக்கிளைகள் கண்ணாடியில் வந்து சடசடவென்று அடிக்கும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டேன். எத்தனை கிளை என்று மனதுக்குள் எண்ணினேன். சந்தோஷம் ஆறு நிறுத்தம் வரை இருந்தது. ஏழாவதில் கடைகள் பாதிக் கதவை இறக்கியிருந்தன. எட்டிலும் ஒன்பதிலும் இறங்கினவர்கள் உண்டு, ஏறினவர்கள் இல்லை. மேலே முப்பத்தொரு பேர் இருந்தோம். பத்தொன்பது ஆனோம். மாமா ரோட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டுப் படிக்கட்டையே திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

“இறங்கிருவோமா?” என்று என் காதில் கேட்டார்.

கடைசி நிறுத்தம் வரை என்று சொன்னவர் அவர்தான். நான் மாட்டேன் என்று தலையாட்டினேன். அப்போது ஒரு பெரிய கிளை வந்து அடித்தது.

“இருபத்தி நாலு” என்றேன்.

வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். தமிழில். எங்களுக்குப் பின்னால் பேப்பர் படித்துக்கொண்டிருந்த கம்பளித் தொப்பிக்காரப் பெரியவர் பேப்பரை இறக்கி என்னைப் பார்த்தார். பிறகு அதை நான்காக மடித்துக்கொண்டு எழுந்துபோய் எதிர்ப்பக்கம் உட்கார்ந்தார். மாமா என் தொடையில் கிள்ளிய இடம் மறுநாள் நீலமாக இருந்தது.

பதினான்காவது நிறுத்தத்துக்குச் சற்று முன்னால் பஸ் நின்றது. நடுரோட்டில் ஒரு டயர் எரிந்துகொண்டிருந்தது. சுற்றிலும் பையன்கள், இளவட்டங்கள். கீழ்த்தட்டில் சத்தம் கேட்டது. பிறகு படிக்கட்டில் செருப்புச் சத்தம். மூன்று பேர் மேலே வந்தார்கள். முதலில் வந்தவன் நெட்டை, கழுத்தில் சிவப்புக் கைக்குட்டை. இரண்டாமவன் படிக்கட்டை மறித்து நின்றுகொண்டான். மூன்றாமவன் குட்டை. கம்பில் கட்டிய தார் பிரஷ் அவன் கையில் இருந்தது. முழங்கை வரை தார்.

கடைசி வரிசையிலிருந்து ஒவ்வொருவராகக் கன்னடத்தில் பேரும் ஊரும் கேட்டுக்கொண்டு வந்தார்கள். முன்வரிசையில் இருந்ததால் எங்கள் முறை கடைசி. அதற்கு முன்னால் பதினேழு பேர். நான் எண்ணத் தொடங்கினேன், வாயை இறுக மூடிக்கொண்டு, விரலில்.

ஏழாவது ஆள் மடியில் தூக்குச்சட்டியை வைத்திருந்தவர். அவருக்கு நாக்குக் குழறியது. நெட்டை அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்து எழுப்பினான். படிக்கட்டில் நின்றவன் கீழே தள்ளினான். தூக்குச்சட்டி படிகளில் உருண்டுபோன சத்தம் கேட்டது. கீழிருந்து அவர் ஒருதரம் கத்தினார். அப்புறம் சத்தமில்லை. மாமாவின் கை என் தோளில் இருந்தது. அதன் ஈரம் சட்டையைத் தாண்டி எனக்குத் தெரிந்தது.

எதிர்ப்பக்கம் பெரியவரிடம் வந்தார்கள். அவர் என்ன சொல்லப் போகிறாரோ என்று மாமா மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தார். பெரியவர் தன் பேரையும் தெருவையும் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நாங்கள் மிச்சம்.

“எந்த ஊர்?” என்றான் நெட்டை.

“கொள்ளேகால்” என்றார் மாமா. அது கன்னடப் பக்கம், அங்கே நெசவாளர்கள் உண்டு என்று அவருக்குத் தெரியும். ஒரு சொல்லோடு நிறுத்தியிருக்கலாம். பயத்தில் சேலை வியாபாரம், அக்கா வீடு, குடிபுகுந்த விசேஷம் என்று அடுக்கிக்கொண்டே போனார். எங்கள் அடுப்படிக் கன்னடம் அந்த மேல்மாடி முழுக்கக் கேட்டது. எனக்கே அது புதிதாகக் கேட்டது. சொல்லெல்லாம் சரிதான், ராகம் மட்டும் அருப்புக்கோட்டை.

“கொள்ளேகால்காரன் இப்படியா பேசுவான்?” நெட்டை குனிந்தான். பிறகு அவன் பார்வை என் கைக்கு வந்தது. என் கட்டைவிரல் இன்னும் நிற்காமல் மற்ற விரல்களின் கணுக்களில் ஓடிக்கொண்டிருந்தது.

“என்னடா எண்ணுகிறாய்?”

நான் வாயைத் திறக்கவில்லை. வாசலில் மாமா சொன்னதை மறக்கவில்லை.

“சின்னப் பையன், பயந்துட்டான்” என்றார் மாமா.

“பயந்தவன் எண்ணுவானா? நீ பேசாதே. அவன் சொல்லட்டும். சத்தமாக எண்ணு, இருபது வரைக்கும்.”

இதை எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. அந்த நிமிஷம் எனக்குப் பயம் போய்விட்டது. வாழ்க்கையில் முதல் முறையாக ஒருவர் என்னை வாய்விட்டு எண்ணச் சொல்கிறார். நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டேன்.

“ஒந்து, எரடு, மூரு…”

எங்கள் வீட்டில் எண்ணுவதற்கு ஒரு முறை உண்டு. அம்மா தறிக்கு வேண்டிய நூலைத் தார்க்குச்சிகளில் சுற்றிக் கூடையில் போடும்போது நான்கு விரல், விரலுக்கு மூன்று கணு என்று கட்டைவிரலால் தொட்டுக்கொண்டே பன்னிரண்டு வரை கன்னடத்தில் எண்ணுவாள். பன்னிரண்டானதும் ஒரு குச்சியைத் தனியே எடுத்து வைத்துவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவாள். நான் கற்றதும் அதுதான். அதற்கு மேல் எண்ணப் பள்ளிக்கூடம் இருந்தது, தமிழ் இருந்தது.

“…ஹன்னெரடு” என்றேன். கட்டைவிரல் சுண்டுவிரலின் கடைசிக் கணுவில் நின்றது. அது பழக்கப்படி முதல் கணுவுக்குத் திரும்பப் பார்த்தது. ஆனால் இவன் இருபது கேட்டிருக்கிறான். பன்னிரண்டுக்கு மேல் வீட்டில் எண்ணே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மாமா கண்ணை மூடிக்கொண்டார். நான் கூச்சமே இல்லாமல் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டேன்.

“பதி…”

படாரென்று தார்க் கம்பு எங்கள் முன்கம்பியில் விழுந்தது.

“ஹதிமூரு!” என்று கத்தினான் குட்டை. அதுவரை ஒரு வார்த்தை பேசாமல் என் முழங்காலை ஒட்டி நின்றவன். “ஹதினால்கு! ஹதினைது! ஹதினாரு!” ஒவ்வொன்றுக்கும் கம்பியில் ஓர் அடி. நான் நடுவில் புகப் பார்த்தேன். அவன் விடவில்லை. என் முகத்தைப் பார்க்கவும் இல்லை. இருபதுக்கு அவன் அடித்த அடியில் தார் தெறித்து என் சட்டையில் மூன்று புள்ளி விழுந்தது.

“நம் பிள்ளைகளுக்கே நம் எண் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் என்னதான் சொல்லிக்கொடுக்கிறார்களோ!” என்று நெட்டையிடம் சலித்துக்கொண்டான். “வா, பின்னால் இன்னொரு பஸ் வருகிறது.”

நெட்டை நகரவில்லை. மாமாவையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் ஐந்து வரை எண்ணினேன், மனதுக்குள். குட்டை அவன் முழங்கையைப் பிடித்து இழுத்தான். கீழே யாரோ விசில் அடித்தார்கள். மூன்று ஜோடிச் செருப்பும் இறங்கிப் போயின.

மாமா கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கோ அழுகையாக வந்தது, ஆத்திரத்தில். என்னை எண்ணச் சொன்னார்கள். அவன் என் எண்ணைப் பிடுங்கிக்கொண்டான். என் வாயிலிருந்து விழுந்ததை அவன் கேட்டுவிட்டான் என்பதும், மற்றவன் கேட்காமல் இருக்கத்தான் அப்படிக் கத்தினான் என்பதும் எனக்கு உறைக்க எத்தனையோ ஆண்டுகள் ஆயின. அவன் எந்த வீட்டுப் பிள்ளை, எதற்காக அப்படிச் செய்தான் என்பது இன்றுவரை தெரியாது.

டயரைச் சுற்றிக்கொண்டு பஸ் நகர்ந்தது. நான் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினேன். கீழே குட்டையும் நெட்டையும் பக்கத்தில் பக்கத்தில் நின்றிருந்தார்கள். குட்டை மட்டும் அண்ணாந்து பார்த்தான். நாக்கை எவ்வளவு தூரம் துருத்த முடியுமோ அவ்வளவு துருத்தி அவனுக்குக் காட்டினேன். அவன் சட்டென்று நெட்டையின் தோளில் கைபோட்டு அவனை மறுபக்கம் திருப்பி, பூட்டிய டீக்கடைப் பக்கம் எதையோ சுட்டிக்காட்டினான். நானும் பார்த்தேன். அங்கே ஒன்றுமே இல்லை.

“பயந்துட்டான் மாமா!” என்றேன்.

சத்தமாக, தமிழில்தான் சொன்னேன். மேல்மாடியில் எங்களையும் சேர்த்துப் பதினெட்டுப் பேர் இருந்தோம். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.