மாப்பிள்ளை வீட்டுச் சீமெந்து

எங்கள் ஊர்ப்பக்கம் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம் செய்வோம். அந்த வீட்டில் மாப்பிள்ளை வீட்டாரின் ஒரு கல்லும் சேரக்கூடாது. சேர்ந்தால் பெண்ணைப் பெற்றவர்களுக்குக் குறைச்சல். என் மகளின் வீட்டுக்கு அத்திவாரக் கொங்கிரீட் போட்ட அன்று, மாப்பிள்ளையின் உம்மா பார்க்க வந்தார். வெட்டியிருந்த கிடங்கை எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன மச்சி, ஊடு கட்டுறீங்களா, கோழிக்கூடு கட்டுறீங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. கொத்து வேலை மேசனைக் கூப்பிட்டேன்.

"பாஸ், முன்னறைய ரெண்டு முழம் வெளிய இழுத்து வெட்டுங்க."

"சீமெந்து காணாது, ராத்தா."

"நான் சொல்றன், வெட்டுங்க."

வெட்டினார்கள். பின்னேரம் அசருக்குப் பாங்கு சொல்லும்போது சீமெந்து முடிந்துவிட்டது. கடைசி மூலை வெறுங்கிடங்காகக் கிடந்தது. நாட்டில் சண்டைக் காலம், கடைகளிலும் சீமெந்து இல்லை. இன்றைக்கே போட்டு முடிக்காவிட்டால் பிறகு சரியாக ஒட்டாது என்றார் மேசன். குழைத்துக்கொண்டு நின்றவர்கள் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

சம்பந்தி எழும்பிப் போனார். கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளையே சைக்கிளில் ஒரு பை சீமெந்தை வைத்துத் தள்ளிக்கொண்டு எங்கள் தெருவால் வந்தார். வேலிக்கு வேலி பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். அது தன்னுடைய மகளின் வீட்டுக்கென்று சம்பந்தி சேர்த்து வைத்திருந்த சீமெந்து.

பின்னால் வந்த சம்பந்தி என் காதுக்குள் சொன்னார்: "நான் பகிடிக்கெல்லுவா, சும்மா சிரிக்கத்தானே சொன்னன், மச்சி."

முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன்.