எட்டாயிரம் டெலக்ஸ் வேகம்

இன்று காலை கும்மிடிப்பூண்டியில் எங்கள் ஆபீஸ் நெட் படுத்துவிட்டது. ஆன்லைனில் இ-வே பில் எடுக்காமல் சரக்கு லாரி கேட்டைத் தாண்ட முடியாது. தடா பக்கத்து டிரைவர் நாஷ்டா முடித்து, டீ குடித்து, என் மேசைக்கு எதிரிலேயே வந்து நின்றுவிட்டார்.

பிராட்பேண்ட்காரர் வந்து ஸ்பீடு பார்த்தார். நூறு எம்பிபிஎஸ் வர வேண்டிய இடத்தில் பாயின்ட் நாலு.

பக்கத்து சீட் பரந்தாமன் சார் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ரிட்டையர் ஆகி எங்களிடம் வந்தவர். எந்த வேகத்தையும், தந்தி மாதிரி கம்பி வழியே வரும் செய்தியை டைப் அடிக்கும் பழைய டெலக்ஸ் மெஷின் கணக்கில்தான் சொல்வார். கால்குலேட்டரைத் தட்டினார்.

"ஒரு டெலக்ஸுக்கு செகண்டுக்கு அம்பது பிட்டு. அப்போ இது எட்டாயிரம் டெலக்ஸ்பா! எங்க எக்ஸ்சேஞ்சுலயே இத்தினி பார்த்ததில்ல!"

பிராட்பேண்ட்காரர் முகத்தில் பல்பு எரிந்தது. உடனே பையை மூடினார்.

"கேட்டீங்களா சார்? எட்டாயிரம் வந்துகினு கீது. இன்னும் இன்னா ஓணும்?"

அவர் கேட்டைத் தாண்டுவதற்குள் என் போனுக்கு மெசேஜ்: 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது.'

டிரைவர் பொறுமையாகக் கேட்டார். "ஏன் நைனா, எட்டாயிரம் மிசினு ஓடுதுன்றீங்க. அதுல ஒன்னு கூடவா என் பில்லை அடிக்காது?"

கடைசியில் அவர் போன் ஹாட்ஸ்பாட்டில்தான் பில் எடுத்தேன். அது எத்தனை டெலக்ஸ் என்று பார்க்க பரந்தாமன் சார் மறுபடி கால்குலேட்டரை எடுத்தார். பிடுங்கி டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டேன்.

உங்கள் வீட்டில் எத்தனை டெலக்ஸ் வருகிறது? என்னிடம் சொல்லுங்கள். பிராட்பேண்ட்காரரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.