ஏப்ரல் பக்கத்தைத் திருப்பித் தாருங்கோ

ஜெர்மனியின் கொலோன் நகரில் அம்புறோஸ் அடித்த எந்தக் காகிதத்திலும் வெறும் இடம் என்று ஒன்று இருந்ததே இல்லை. கல்யாண அழைப்பிதழ் என்றால் நாலு மூலையிலும் மயில். சாமத்தியவீட்டுப் பதாகை என்றால் வயதுக்கு வந்த பிள்ளையைச் சுற்றி அருவி, அன்னம், சுவிஸ் மலை. மரண அறிவித்தலில்கூடச் செத்தவரின் தலைக்குப் பின்னால் சூரியன் உதிக்கும். வெள்ளையாக விட்டால் வாடிக்கையாளரை ஏமாற்றியது போலாகிவிடும் என்பது அவருடைய கொள்கை. அந்தக் கொள்கையால் கண் வலித்தவர்கள் பலர்.

எண்பத்தாறாம் ஆண்டு இலங்கையிலிருந்து வந்து, பன்னிரண்டு வருஷம் உணவகங்களில் கோப்பை கழுவி, பிறகு பழைய அச்சு இயந்திரம் ஒன்றை வாங்கிக் கராஜுக்குள் வைத்தவர். இப்போது வயது அறுபத்திமூன்று. மனிதருக்கு ஒரே ஒரு புண் உண்டு. தமிழர் ஒன்றியத் தலைவர் பதவிக்கு மூன்று தரம் நின்று மூன்று தரமும் மண் கவ்வியவர். மூன்றாம் தரம் வென்ற ஆள் தேர்தல் நாளன்று ஜெர்மனியிலேயே இல்லை, வவுனியாவில் ஒரு கல்யாணத்தில் பந்தியில் இருந்தார். அந்தக் கதையை வீட்டில் யாரும் எடுக்கக்கூடாது. எடுத்தால் அன்றைக்கு அம்புறோஸுக்குச் சோறு இறங்காது.

இப்படிப்பட்டவரின் ஒரே மகன் யூட்சன், தோட்டக்கலை படித்தவன், கஞ்சா வளர்க்கிற சங்கம் ஒன்றுக்குத் தலைவராகிவிட்டான் என்று சேதி வந்தால் வீடு என்னாகும்?

"கஞ்சாவோ? ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பூசைக்குப் போற குடும்பமடா இது!" என்று கத்தினார். அதன் பிறகு இரண்டு மாதம் அப்பனும் மகனும் பேசவில்லை. இடையில் நின்ற மனைவி குமுதினிதான் மெல்ல மெல்ல விளக்கினாள். சட்டம் மாறிவிட்டது. பெரியவர்கள் சங்கம் அமைத்து, அனுமதி எடுத்து, தங்களுக்குள் வளர்த்துப் பகிரலாம். கடை இல்லை, விற்பனை இல்லை. கடைசியாக அவள் போகிற போக்கில் ஒன்று சொன்னாள். தலைவர் பதவிக்கு வாக்கெடுப்பு நடந்ததாம், யூட்சனுக்கு எதிராக ஒரு வாக்குக்கூட விழவில்லையாம்.

அம்புறோஸ் எழும்பிக் கராஜுக்குப் போனார். ஒரு வாக்குக்கூடவா! அவருடைய பரம்பரையில் ஒரு தலைவர்! கஞ்சாவாவது கத்தரிக்காயாவது!

வருஷா வருஷம் அவர் நாட்காட்டி அடிப்பார். மாதத்துக்கு ஒரு தாள், மேலே யாராவது வியாபாரியின் வாழ்த்து, கீழே தேதிகள். சேலைக்கடை, சாரதிப் பயிற்சி, மண்டப வாடகை என்று வழக்கமான கூட்டம். இந்த முறை ஏப்ரலை யாருக்கும் கொடுக்கவில்லை. கஞ்சா என்ற சொல்லை மட்டும் தவிர்த்து, 'வளர்ப்போர் சங்கம்' என்று பெயரையும் விலாசத்தையும் போட்டு, ஏழு விரல் விரித்த பச்சை இலை ஒன்றைப் போட்டு, நடுவில் மகனின் படத்தைப் போட்டு, சுற்றிவரத் தனக்குத் தெரிந்த அத்தனை புகழ்ச்சியையும் அள்ளிக் கொட்டினார். ஐந்நூறு பிரதி. நத்தாருக்கு நூற்றறுபது வீடுகளுக்குக் கிறிஸ்துமஸ் கேக்கோடு தன் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்தார், மிச்சம் கராஜில் கட்டாகக் கிடந்தது. மகனுக்கு மட்டும் சொல்லவில்லை. எங்காவது ஒரு வீட்டுச் சுவரில் அவனாகவே பார்க்கட்டும் என்ற வீம்பு.

ஜனவரியில் யூட்சன் கராஜுக்கு வந்தான். பிறந்ததிலிருந்து தகப்பனிடம் அச்சு வேலை கேட்டு வந்தது அதுதான் முதல் தரம். அம்புறோஸுக்கு உள்ளே குளிர்ந்தது, வெளியே முறைத்தார்.

"அப்பா, பைகளுக்கு ஒட்ட லேபல் வேணும். எடை, அறுவடைத் தேதி, வகை, எத்தினை வீதம் போதைச் சத்து, எச்சரிக்கை. வெள்ளைத் தாளிலை கறுப்பு எழுத்து."

"பின்னணி என்ன நிறம்?"

"நிறம் இல்லை."

"ஓரத்திலை ஒரு சின்னக் கொடி?"

"ஏலாது, அப்பா."

"என்னடா இது, செத்தவீட்டு நோட்டீசோ? செத்தவீட்டு நோட்டீசுக்கே நான் ரெண்டு பூ போடுவன்!"

யூட்சன் பொறுமையாகச் சொன்னான். கஞ்சாவுக்கும் அதை வளர்க்கிற சங்கத்துக்கும் எந்த வடிவத்திலும் விளம்பரம் கூடாது. யாருக்கும் அனுசரணையும் செய்யக்கூடாது. பை கண்ணைக் கவரக்கூடாது. வாசலில் பெயர்ப்பலகை மட்டும் போடலாம், அதுவும் மினுங்கக்கூடாது.

"வாற வியாழன் அதிகாரி பார்க்க வாறா. அனுமதி அவவின்ரை கையிலைதான் கிடக்கு. எங்கையாவது ஒரு விளம்பரம் கண்டாவெண்டால் ஒன்றரை வருஷ வேலை போச்சு. நான் தலைவரெண்டு என்ரை கையெழுத்திலைதான் எல்லாம் போயிருக்கு, அப்பா."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், இந்த மனுஷன் தன் அச்சால் கெட்டுவிட்டார். நூற்றறுபது வீட்டுக் குசினிச் சுவர்களில் ஏழு விரல் இலை தொங்குகிறது. ஆனால் மகனிடம் சொல்ல வாய் வரவில்லை. "நாளைக்கு அடிச்சுத் தாறன்" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டார்.

அடுத்த நாள் காலை மழைக்குள் வெளிக்கிட்டார். முதல் வீடு கமலநாயகியக்கா. எழுபத்திரண்டு வயது, தனி ஆள், வாய் மட்டும் ஊர்வலம் போகும்.

"அக்கா, அந்தக் கலண்டரைத் திருப்பித் தாருங்கோ. அச்சுப்பிழை ஒண்டு."

"எந்த மாதத்திலை?"

அந்த இடத்தில் "தெரியாது" என்று சொல்லியிருந்தால் போதும். மனுஷன், "ஏப்ரல்" என்றார். அக்கா அந்த நிமிஷமே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஏப்ரலைப் புரட்டினார்.

"உவன் உங்கடை மோன் எல்லே! வளர்ப்போர் சங்கத் தலைவரோ? என்ன வளர்க்கிறான்?" மூக்கு தாளில் முட்டக் குனிந்து பார்த்தார். "அட, மரவள்ளி இலை!"

அம்புறோஸ் கடவுளுக்கு நன்றி சொன்னார், ஒரு பொய்க்காக. "ஓம் அக்கா. மரவள்ளிதான்."

"இந்தக் குளிருக்குள்ளையோ! கெட்டிக்காரன். எனக்கு ரெண்டு கிலோ எடுத்து வையுங்கோ."

"வைக்கிறன், வைக்கிறன். கலண்டரைத் தாருங்கோ."

"தரமாட்டன். கண் டொக்டர், பல் டொக்டர், எல்லா டெர்மீனும், போற நாளும் நேரமும், இதிலைதான் எழுதி வைச்சிருக்கிறன். ஏப்ரல் பதினாலு கண் ஒப்பரேசன்."

எவ்வளவு கெஞ்சியும் அக்கா மசியவில்லை. மற்ற நூற்றைம்பத்தொன்பதையும் ஒரு கிழமைக்குள் திரட்டிவிட்டார். ஆனால் சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. ஜனவரி மாதத்தில் ஏப்ரல் பக்கத்தை யார் பார்க்கிறார்கள்? இவர் போய்க் கேட்டதால் கொலோன் முழுக்கப் பார்த்தது. யார் கேட்டாலும் மரவள்ளி என்றார். கடைசியில் கிழங்கு கேட்டுத் தொலைபேசி ஓயவில்லை. குமுதினி கையை நெற்றியில் வைத்து, "உங்களுக்கு மூண்டு தரமும் ஏன் வாக்கு விழேல்லை எண்டு இப்பதான் விளங்குது" என்றாள்.

வியாழக்கிழமை லேபல் பெட்டியோடு அம்புறோஸ் சங்கத்துக்குப் போனார். நகரின் ஓரத்தில், போர்ஸ் பக்கத்தில் பழைய களஞ்சியம் ஒன்று. அதிகாரி திருமதி ப்ரூக்னர் வேலியைத் தட்டிப் பார்த்தார், பூட்டுகளை இழுத்துப் பார்த்தார், பக்கத்துச் சிறுவர் பூங்காவுக்கு எவ்வளவு தூரம் என்று வரைபடத்தில் அளந்தார். வெள்ளை லேபலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, "மிகவும் அழகில்லாமல் இருக்கிறது. நன்று" என்றார். வாழ்க்கையில் முதல் தரமாக ஒருவர் தன் வேலை அழகில்லை என்று சொன்னதற்கு அம்புறோஸ் சந்தோஷப்பட்டார். யூட்சனின் முகத்தில் நிறம் திரும்பிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் வாசல் மணி அடித்தது. கையில் துணிப்பை, மழைத்தொப்பி, கமலநாயகியக்கா.

"தம்பி யூட்சன்! கிழங்கு எடுக்க வந்தனான்."

திருமதி ப்ரூக்னர் நிமிர்ந்தார். "இந்த இடம் உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று ஜெர்மனில் கேட்டார். அக்காவின் ஜெர்மன் கொஞ்சம்தான், ஆனால் பையில் சான்று இருந்தது. விலாசம் மறந்துபோகும் என்று நாட்காட்டியையே கொண்டுவந்திருந்தார். ஏப்ரலைப் புரட்டி, பெருமையோடு அதிகாரியின் கையில் கொடுத்தார்.

இலை பளபளவென்று மினுங்கியது. யூட்சன் மேசையைப் பிடித்துக்கொண்டான். நாலாம் வகுப்போடு தமிழ்ப் பள்ளியை விட்டவன், எழுத்துக்கூட்டத்தான் தெரியும். ஆனால் தன் முகம் தெரிந்தது.

"இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்டார் அதிகாரி.

அம்புறோஸுக்கு ஒரு கணம் பொய் ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. மாதா திருவிழா அறிவித்தல் என்று சொல்லலாம், யார் கண்டது? மகனைப் பார்த்தார். ஒரு மரவள்ளிப் பொய் போதாதா?

"நான்தான் அடித்தேன்," என்றார் தன் உடைந்த ஜெர்மனில். "அவனுக்குத் தெரியாது. என்னிடம் யாரும் கேட்கவில்லை. நூற்றைம்பத்தொன்பதைத் திரும்ப வாங்கிவிட்டேன். இது கடைசி."

திருமதி ப்ரூக்னர் பேனாவைத் திறந்தார். "வரிக்கு வரி வாசியுங்கள்."

"சங்கத்தின் பெயர், விலாசம்."

"இலையோடு சேர்ந்தால் விளம்பரம்."

"முதல்தரம், சுத்தம், நம்பிக்கை."

"விளம்பரம். மிக மோசமான விளம்பரம்."

"எங்கள் இளந்தலைவர் யூட்சன் தலைமையில் சங்கம் வளர்க, வாழ்க."

"விளம்பரம்." பேனா ஓடியது. "கடைசி வரி?"

அம்புறோஸ் அதை வாசிக்கத் தொடங்கி நிறுத்தினார். வெட்கம் கெட்ட மனுஷன், அத்தனை பேருக்கு அடித்துக் கொடுத்ததை ஒருத்திக்கு வாசிக்க முடியவில்லை. பிறகு மெல்ல ஜெர்மனில் சொன்னார். "மூன்று முறை தோற்ற தகப்பனின் வென்ற மகன்."

"எதில் தோற்றீர்கள்?"

"தேர்தலில். எங்கள் தமிழர் ஒன்றியத்தில்."

திருமதி ப்ரூக்னர் பேனாவை மூடினார். "இது விளம்பரம் இல்லை," என்றார்.

மிச்சப் பிரதிகளை அழித்துவிட்டு, நடந்ததை எழுதிக் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். முடிவு அதற்குப் பிறகுதான். அனுமதி கிடைக்கலாம், தள்ளியும் போகலாம், வாக்குக் கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டு அதிகாரி குடையை எடுத்துக்கொண்டு போனார்.

அக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்ரை கலண்டரிலை கை வைக்காதேங்கோ, கண் ஒப்பரேசன் அதிலைதான் கிடக்கு!" என்று இழுத்தார். யூட்சன் வெட்டுக்கத்தியை எடுத்து, தேதிகளுக்கு மேலே நேராக ஒரு வெட்டு வெட்டி, நாட்காட்டியை அவரிடம் கொடுத்தான். பிறகு தன் கையில் மிஞ்சிய பாதியிலிருந்து இலையையும் புகழ்ச்சியையும் வெட்டிக் குப்பையில் போட்டான். கடைசி வரி மட்டும் கையில் நின்றது. அதை எழுத்துக்கூட்டி வாசித்தான். நெடுநேரம் எடுத்தது.

"அப்பா, ரெண்டு மாதம் என்னோடை ஒரு சொல்லுக் கதைக்கேல்லை. இதை எனக்கு வாயாலை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னனே," என்றார் அம்புறோஸ். "ஐந்நூறு கொப்பி அடிச்சுச் சொன்னன்."