வரப்பு தாண்டும் தத்துப்பூச்சி

திருப்பதியில் நான் தங்கியிருக்கும் வீட்டு மாமரத்தடியில் நிறுத்திய பைக்கின் சீட்டெல்லாம் காலையில் பிசுபிசுப்பு. தொட்டு நாக்கில் வைத்தேன். படித்தவன் செய்கிற வேலையா என்று கேட்காதீர்கள். இனித்தது. கிளையை உலுக்கினேன். நொய்யரிசி அளவுப் பூச்சிகள் கூட்டமாகத் தாவிப் பக்கத்து வீட்டு மரத்தில் போய் உட்கார்ந்தன. அப்போதுதான் அந்த யோசனை உதித்தது.

புத்தூர்ப் பக்கம் எங்கள் மாந்தோப்பு. பூக்காலத்தில் உள்ளே நுழைந்தால் தூறல் சத்தம் கேட்கும். மழையில்லை, தத்துப்பூச்சிகள் இலையில் மோதுகிற சத்தம். பூங்கொத்தை உறிஞ்சிவிட்டு அவை சொட்டவிடும் பாகைத் தெலுங்கில் தேனெமஞ்சு, தேன்பனி, என்பார்கள். கல்யாணப் பலகாரம் மாதிரிப் பெயர். பூவெல்லாம் கருகிக் கொட்டிவிடும். அந்த வழியாகப் பள்ளிக்கூடம் போனால் வெள்ளைச் சட்டை கஞ்சி போட்டதுபோல் விறைக்கும், எறும்பும் தேடி வரும்.

அந்தப் பிசுபிசுப்போடு மருந்து நாற்றமும் ஏச்சும் ஞாபகம் வருகின்றன. பாகம் பிரித்தபின் நைனாவுக்கும் சித்தப்பாவுக்கும் பேச்சில்லை. இவர் மருந்தடித்தால் பூச்சி வரப்பு தாண்டி அங்கே போகும். அவர் அடித்தால் இங்கே வரும்.

"எங்க அண்ணன் வளத்த பூச்சி, விருந்துக்கு வந்துக்கினு கீது!" என்று சித்தப்பா ஊருக்கே கேட்கச் சொல்வார்.

நைனா மரத்தைப் பார்த்துப் பதில் சொல்வார்: "அங்க துன்ன ஒண்ணுமில்லன்னுதான் திரும்பி வருது."

எங்களுக்குச் சிரிப்பு. காய்ப்பு வருடா வருடம் குறைந்தது.

பொங்கலுக்குப் பிறகு போகாதவன், அன்றே ஊருக்கு ஓடினேன்.

"நைனா, ரெண்டு தோப்புலயும் ஒரே நாள்ல அடிச்சா பூச்சி எங்க போவும்?"

"அவன்கிட்ட தோப்பு இருந்தாத்தானடா, பெரிய சைண்டிஸ்டு! போய்ப் பாரு."

வரப்பில் ஏறினேன். ஒரு மரமில்லை. செம்மண்ணில் மனைக்கற்கள். போனில் நைனா ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. அங்கிருந்த பூச்சியெல்லாம் இப்போது எங்கள் பூவில்.

"ஆடில மரத்த வெட்ட மரக்கடைக்காரன வரச் சொல்லிக்கீறேன்" என்றார் நைனா. "இனிமே யாருகூட சண்ட போட்டுக்கினு மருந்தடிக்கிறது?"

இன்னும் ஒரு பூக்காலம் பொறுக்கச் சொன்னேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன், எனக்கு வேறு வழியில்லை. காய் இறங்கியதும், வெயில் புகாமல் பின்னி, பூச்சிக்கு நிழல் கொடுக்கும் நடுக்கிளைகளை நானே கழிக்கப் போகிறேன். மொட்டு கிளம்பும்போது முதல் மருந்து. தோப்பு பிழைக்கும் என்று சொல்ல வாய் வரவில்லை. மரக்கடைக்காரரின் லாரி வருவதற்கு முன்னால் ஏணியோடு போய் நின்றுவிட வேண்டும், அவ்வளவுதான்.