ஸ்டெல்லா அக்காவின் மூச்சு

ஸ்டெல்லா அக்காவின் கணவர் அருள் அண்ணாவின் அழைப்பு வந்தபோது, ஒரு பெரியவரை ட்ரெட்மில்லில் நடக்க வைத்துக்கொண்டிருந்தேன். "ஸ்டெல்லா போய்ட்டா, சுதா" என்றார். பெரியவர் நடந்துகொண்டே இருந்தார். இயந்திரத்தை நிறுத்த வேண்டும் என்றுகூட எனக்குச் சற்று நேரம் தோன்றவில்லை.

ஸ்டெல்லா அக்காவும் நானும் தாம்பரத்தில் ஒரே மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்டுகள். நுரையீரல் நோயாளிகளுக்குப் பயிற்சி கொடுப்பது எங்கள் வேலை. அவர் நோயாளிகளிடம் பேசும் விதமே தனி. மூச்சு வாங்குமோ என்று பயந்து வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடந்த அனகாபுத்தூர்க்காரர் ஒருவரை, அவருடைய வயிற்றிலேயே கை வைத்துப் பார்க்கச் சொன்னார். "சும்மா உக்காந்திருக்கும்போது உள்ள உதரவிதானம்னு ஒரு தசை மட்டும் அமைதியா ஏறி இறங்குது. நடந்தா கால் தசை நிறைய ஆக்சிஜன் கேக்கும். கரியமில வாயுவும் ஜாஸ்தியாகும். ஆழமா இழு, வேகமா இழுன்னு மூளை சொல்லும். விலா, கழுத்து எல்லாம் ஒத்தாசைக்கு வரும். அதுக்குப் பேர்தான் மூச்சு வாங்குறது சார். பயப்படாம நடங்க." அன்று அந்த மனிதர் வராந்தா முழுக்க நடந்தார்.

பிறகு ஒரு மாலை, ரயில் நிலைய மேம்பாலப் படிகளில் அக்கா பாதியில் நின்றார். கைப்பேசியைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டார். அவர் தோள்கள் ஏறி இறங்குவதை நான் பார்த்துவிட்டேன். ஸ்கேனில் நுரையீரலின் அடிப்பகுதி தழும்பேறி இறுகியிருந்தது. அந்தத் தழும்பு இனி ஆறாது என்பதை எங்கள் இருவருக்கும் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மாற்று நுரையீரலுக்குப் பதிவு செய்தார்கள். அது வரவே இல்லை.

ராஜகீழ்ப்பாக்கம் வீட்டில் கடைசியாகப் பார்த்தபோது, மூக்கில் ஆக்சிஜன் குழாயுடன் கட்டிலில் சாய்ந்திருந்தார். கழுத்துத் தசைகள் கயிறுபோல் இழுபட்டன. "நீங்கல்லாம் ஓடும்போது செய்ற வேலைய... நான் சும்மா உக்காந்தே செய்றேன்" என்றார்.

"கொஞ்சம் கொஞ்சமா பயிற்சி செஞ்சா..." என்று ஆரம்பித்தேன்.

"வேணாம் சுதா. இத நானே எத்தன பேருக்குச் சொல்லியிருக்கேன்."

பிறகு, "மாடி வரைக்கும் ஓடிட்டு வாயேன்" என்றார். ஏனென்று கேட்காமல் ஓடினேன். இரைக்க இரைக்கத் திரும்பி வந்து கட்டிலருகே அமர்ந்ததும் என் முதுகில் கை வைத்தார். விலாக்கள் விரிந்து விரிந்து, பிறகு தானாகவே அடங்கும்வரை கையை எடுக்கவில்லை. "எவ்ளோ சீக்கிரம் அடங்குது பாரு" என்றார். அதில் பொறாமை இல்லை. அழுகைகூட இல்லை.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது முதுகில் பதிந்த அந்த உள்ளங்கையின் சூடு மட்டும்தான். அதைக்கொண்டு யாரையும் குணமாக்க முடியாது.