முயல் குடுத்துவிட்ட பாண்

ஸ்பிரிங்வேல் முதியோர் இல்லத்தில், காலைச் சாப்பாட்டில் மிஞ்சிய பாண் துண்டை அப்பா கடதாசியில் சுற்றிக்கொண்டிருந்தார். அவர் ஓரங்களை மடித்த விதத்தைப் பார்த்ததும் எனக்கு நிலக்கரி மணத்தது.

நான் பிறந்தது கிர்கிஸ்தான் மலைகளுக்குள் ஒரு சின்ன நிலக்கரி ஊரில். சுரங்கப் படிப்புக்காக யாழ்ப்பாணத்திலிருந்து சோவியத்துக்குப் போன அப்பா, அந்த ஊர்க்காரியான அம்மாவைக் கட்டி அங்கேயே தங்கிவிட்டார். நான் அவர்களுக்கு ஒரே மகள். சுரங்கத்துக்குள் கொண்டுபோகும் பாணில் ஒரு துண்டை மிச்சம்பிடித்துப் பிள்ளைகளுக்குக் கொண்டுவருவது அங்கே தகப்பன்மாரின் வழக்கம். முயல் கொடுத்தது என்பார்கள். அப்பா அதைத் தமிழில் சொல்லுவார்: "முயல் குடுத்துவிட்டது." காய்ந்து, கரித்தூள் படிந்திருக்கும் அந்தத் துண்டுக்காக நான் கேக்கைக்கூடத் தள்ளிவைத்திருக்கிறேன்.

சோவியத் உடைந்த பிறகு சுரங்கத்தை மூடிவிட்டார்கள். பக்கத்து வீடுகளில் சனம் கதவுகளைக்கூடக் கழற்றிக்கொண்டு வெளியேறியது. அப்பா மட்டும் வழக்கம்போலக் காலையில் பாணைச் சுற்றிக்கொண்டு வேலை தேடிப் போவார். ஒருநாள் அது முழுசாகத் திரும்பி வந்தது. கரி மணமே இல்லை.

"முயலுக்கு இண்டைக்குப் பசிக்கேல்லையோ அப்பா?" என்று கேட்டேன்.

அப்பா சப்பாத்தைக் கழற்றாமலே கதிரையில் இருந்தார். அம்மா அந்தப் பாணை மூன்றாக வெட்டினாள். அன்றைக்கு இரவுச் சாப்பாடு அதுதான்.

இப்போது அப்பா பொட்டலத்தை என் கையில் வைத்தார்.

"தங்கச்சி, வீட்டில என்ர மகள் பாத்துக்கொண்டிருப்பாள். முயல் குடுத்துவிட்டதெண்டு சொல்லிக் குடுக்கிறீங்களோ?"

"ஓம் அங்கிள், குடுக்கிறன்" என்றேன்.