குரூப்பில போட்டாச்சு

எங்கள் கட்டடத்தில் எல்லாருமே ஒத்திக்காரர்கள். மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் குடியிருக்கலாம். காலி செய்யும்போது தொகை திரும்பி வரும். நாகர்கோவிலில் கல்ஃப் சம்பாத்தியம் பாதிப்பேருக்கு இப்படித்தான் வீடாகிறது. எங்கள் ஒத்தியில் சம்பாத்தியம் மட்டுமல்ல, என் கழுத்திலும் கையிலும் கிடந்த நகையும் இருக்கிறது. பத்திரம் என்னவோ கணவர் பெயரில்தான். ஒவ்வொரு வீட்டிலும் இதே கதை. பத்திரத்தில் பெயருள்ள ஆண்கள் மஸ்கட்டிலும் துபாயிலும் இருந்தார்கள். படியேறி இறங்கியது நாங்கள்.

அன்று செவ்வாய்க்கிழமை, மாமாவுக்கு டயாலிசிஸ் நாள். கணவரின் அப்பா. வாரத்தில் இரண்டு தடவை அவரைக் கைத்தாங்கலாக மூன்றாவது மாடியிலிருந்து இறக்கி ஆட்டோவில் ஏற்றுவேன். அன்று கதவைத் திறந்தால் ஒரே புழுதி, சுத்தியல் சத்தம். எட்டிப் பார்த்தேன். கீழ்ப்படிகள் இடிந்து துருப்பிடித்த கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. எப்போது விழுமோ என்றிருந்த படிதான், மராமத்து வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா?

கட்டடச் சொந்தக்காரரின் மைத்துனர்தான் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்பவர். கீழே நின்றிருந்தார்.

"என்ன அண்ணே இது? சொல்லாம கொள்ளாம படிய இடிச்சா நாங்க எப்பிடி இறங்குயது?"

"நல்ல கதையா இருக்கே! ஒத்திக்காரங்க வாட்ஸ்அப் குரூப்பில எப்பவே போட்டாச்சு. உங்க வீட்டுக்காரரு கட்டைவிரல்கூடப் போட்டிருக்காரு, பாருங்க."

"இங்க கிடக்கது நாங்கல்லா? எங்க நம்பரச் சேத்தா என்ன?"

"பத்திரத்துல உங்களுக்க பேரு இல்லல்லா."

போனை நீட்டிக் காட்டினார். எல்லா ஆண்களும் வரிசையாகக் கட்டைவிரலைத் தூக்கியிருந்தார்கள். படிக்கு என்ன நிறத்தில் டைல்ஸ் ஒட்டலாம் என்று ஒருவர் கேட்க, அதற்குத்தான் பெரிய விவாதம். அங்கேயே நின்று கணவரை அழைத்தேன்.

"பாத்தேன்ட்டி. டூட்டி நேரம், சொல்ல மறந்துட்டேன்" என்றார். மறந்துவிட்டாராம்!

வேலைக்காரர்கள் நல்லவர்கள். கம்பிகளின் மேல் பலகை போட்டு, மாமாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துத் துவர்த்துத் துண்டால் கட்டித் தூக்கினார்கள். பாதியில் பலகை ஒரு ஆட்டம் ஆடியது. மாமா அலறினார். கீழே வந்தபோது வேட்டி நனைந்திருந்தது. மலைப்பாதையில் பஸ் ஓட்டிய மனுஷர் அவர். ஆட்டோவில் முகத்தைத் திருப்பி உட்கார்ந்து அழுதார்.

வெள்ளிக்கிழமை வரமாட்டேன் என்றுவிட்டார்.

"வேண்டாம் மக்கா. நாலு பேரு பாக்க இனி அதுல இறங்கமாட்டேன். படி கட்டட்டு, பொறவு போலாம்."

கெஞ்சினேன், திட்டினேன். கணவரைப் போனில் பேச வைத்தேன். அசையவில்லை. இரண்டு நாளில் உடம்பெல்லாம் நீர் கோத்து மூச்சு முட்டியது. ஆம்புலன்ஸ்காரர்கள் அதே பலகைமேல்தான் தூக்கிப் போனார்கள். அப்போது அவருக்கு வெட்கப்பட நினைவில்லை.

ஆஸ்பத்திரியில் வாரக்கணக்கில் இழுத்துக்கொண்டு கிடந்தார். இங்கே படி ஒவ்வொன்றாக எழும்பிக்கொண்டிருந்தது. நாங்கள் பின்பக்கம் சாத்திய இரும்பு ஏணியில் ஏறி இறங்கினோம். கடைசியில் மாமா போய்விட்டார். கணவர் விமானம் பிடித்து வந்து சேர்ந்தார்.

உடலைக் கொண்டுவந்து வாசலில் ஆம்புலன்ஸை நிறுத்தினார்கள். புதுப்படி பளபளவென்று இருந்தது, பிடித்து ஏறக் கைப்பிடியெல்லாம் வைத்து.

"மேல கொண்டு போவோம். அவருக்க கட்டில்ல கொஞ்ச நேரம் கிடக்கட்டு" என்றேன்.

கணவர் போனை எடுத்துப் பார்த்தார்.

"முடியாதுட்டி. டைல்ஸ் ஒட்டுன ஈரம் காயல. நாளைக்கு வரைக்கும் யாரும் மிதிக்கப்பிடாதாம். குரூப்பில போட்டிருக்கு."

"இத மட்டும் மறக்காமச் சொல்லிட்டிய" என்றேன்.

கீழே வண்டிகள் நிறுத்தும் இடத்தில் மிச்சமிருந்த சிமெண்ட் மூட்டைகளை ஒதுக்கிவிட்டு, மாமாவை அங்கே கிடத்தினோம்.